நிற்காதவர் நிறுத்திய காலை

மருமகனுக்கு ஆபீசில் ‘ஒட்டுக்கடை’ என்று பெயர். பம்பு, வால்வு, லிஃப்ட் இவற்றையெல்லாம் ஓட்டுகிற சின்னப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் மென்பொருளில் எங்காவது ஒரு ஓட்டை இருப்பதை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் வேலைவெட்டி இல்லாத ஒருவன் கண்டுபிடித்துவிடுவான். உடனே அதை அடைக்கிற அப்டேட்டைத் தயாரித்து, ஊர் ஊராக மாட்டியிருக்கும் பெட்டிகளுக்கு லைன் வழியாக அனுப்புவது மருமகனின் பிழைப்பு. வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யாரும் மாலை போடுவதில்லை.

இந்தத் தடவை ஓட்டை பெரிது. அதே ரகப் பெட்டி மாட்டியிருந்த இன்னொரு ஊரில் எவனோ வெளியிலிருந்தே உள்ளே புகுந்து பம்புகளை அணைத்துவிட்டான். அந்த ஊர் ஜனங்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். கம்பெனி அலறி எழுந்து எல்லாப் பெட்டிகளுக்கும் அப்டேட்டை அனுப்பியது. சுவரில் இருந்த பெரிய திரை முழுக்கப் பச்சை. “வரலாற்றுச் சாதனை” என்று டைரக்டர் எல்லோருக்கும் மெயில் போட்டார். புதிய கழிப்பறை திறந்தபோதும் அவர் வரலாறு என்றுதான் எழுதியிருந்தார்.

பச்சை என்றால் அப்டேட் வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். புது மென்பொருள் பெட்டிக்குள்ளேயே பக்கத்து அறையில், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி, அடக்கமாகக் காத்திருக்கும். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் பழையது எழுந்து இடம் கொடுக்கும். மற்ற ஊர்களில் அணைத்துப் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழையதே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அது மருமகன் குடியிருக்கும் ஊரின் குடிநீர் நிலையம். அங்கே தலைமைப் பொறியாளர் அவனுடைய மாமனார்.

நிலையத்து ஆட்கள் அவரை ‘நிற்காதவர்’ என்பார்கள். அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து பம்புகள் நின்றதில்லை என்பது அவர் பெருமை. ஆரம்பித்தால் பேச்சும் நிற்காது என்பது ஆட்களின் அனுபவம். மின்சாரம் போனாலும் பெட்டி அணையக்கூடாது என்று பேட்டரி வாங்கினார். பேட்டரிக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று இன்னொரு பேட்டரி. இரண்டுக்கும் துணையாக ஒரு ஜெனரேட்டர். வருகிற விருந்தாளிகளை முதலில் பேட்டரி அறைக்குத்தான் கூட்டிப் போவார். கல்யாணம் பேச வந்தபோது மருமகனையும் கூட்டிப் போயிருக்கிறார். அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். ‘இடைவிடாத சேவை’ என்று பொறித்த கேடயம் தயாராகிக் கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மருமகன் பேச்சை எடுத்தான். கால் மணி நேரம் நிறுத்தினால் போதும், மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போது செய்தால் ஊருக்கே தெரியாது என்றான். மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவர் எதையாவது நிறுத்தி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மாப்பிள்ளை, இதயத்தைக் கால் மணி நேரம் நிறுத்திட்டு அப்புறம் ஓட விடுறேன்னு ஒரு டாக்டர் சொன்னா நீங்க படுத்துக்குவீங்களா?”

“ஆபரேஷன்ல அப்படித்தான் செய்றாங்க மாமா.”

மாமியார் ரசத்தை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் பேசினால் குடும்பத்தில் பிளவு வரும் என்பதை மனைவி மேசைக்கடியில் அவன் காலை மிதித்துத் தெரிவித்தாள்.

ஆனால் விட்டுவிட முடியாது. அந்த இன்னொரு ஊரில் பம்பை அணைத்தவன் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவதாகக் கம்பெனிக்குத் தகவல் வந்திருந்தது. பூட்டாத கதவு இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் மிச்சம். திங்கட்கிழமை காலை மருமகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக நிலையத்துக்குப் போனான். கட்டுப்பாட்டு அறையில் மாமனார் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, வாசலில் காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் நிறுத்தாவிட்டால் அவன் நிறுத்துவான், அவன் கால் மணி நேரத்தில் திருப்பித் தர மாட்டான் என்று மருமகன் எடுத்துச் சொன்னான். மாமனார் தேச சேவை, பொறியியல் அறம், முன்னோர் கட்டிய அணை என்று ஒரு சுற்றுப் போய் வந்தார். மருமகன் அசையவில்லை. கடைசியில் அவர் அறையிலிருந்த ஆபரேட்டரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்தினார். குரல் பாதியாக இறங்கியது.

“அணைச்சா திரும்பி வராது மாப்பிள்ளை.”

“ஏன் வராது?”

“வரும். ஆனா முதல் நாள் இருந்த மாதிரி வரும். எந்தப் பம்பு எப்போ ஓடணும், எவ்வளவு அழுத்தம், தொட்டி எவ்வளவு நிறைஞ்சா வேகம் குறையணும், எல்லாம் நாங்க பின்னால மாத்தினது. எதையும் உள்ளே சேவ் பண்ணல.”

“சேவ் பண்ண ஒரு பட்டன்தானே மாமா?”

“பட்டனை அமுக்கினா பாஸ்வேர்டு கேக்குது.”

மாமனார் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார்.

“முதல் நாள் நான்தான் வச்சேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வச்சேன்.”

யாராலும் என்பதில் தானும் அடக்கம் என்பது வைத்த அடுத்த வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு ஒரு போன் செய்திருந்தால் வழி சொல்லியிருப்பார்கள். ஆனால் தலைமைப் பொறியாளர் மறந்துவிட்டார் என்று ஒரு குமாஸ்தா முன்னால் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். தள்ளத் தள்ள விஷயம் கனத்தது. அணையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பேட்டரி வாங்கினார். பேட்டரியைப் பார்த்தவர்கள் தொலைநோக்கு என்றார்கள். அவரும் கொஞ்ச நாளில் அப்படியே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மருமகனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. முழுங்கினான். மாமனார் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஓடிட்டிருக்கிற அளவெல்லாம் திரையில தெரியுதுல்ல மாமா? நீங்க வாசிங்க, நான் எழுதிக்கிறேன். அணைச்சு, இந்தச் சின்னப் பட்டனை அமுக்கிட்டே போட்டா புது பாஸ்வேர்டு வச்சுக்கலாம். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப ஏத்திடலாம்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

அந்த ‘இவ்வளவுதான்’ அவரைக் கொஞ்சம் நோகடித்தது போலிருந்தது.

அவர் வாசித்தார், அவன் எழுதினான். டீ வந்தது, ஆறியது. தொட்டி நிறைந்ததும் மாமனார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கொடியேற்றுபவர் போல நின்று, தன் கையாலேயே சுவிட்சை இறக்கினார். பம்புகளின் முனகல் மெல்லத் தேய்ந்து அடங்கியது. அந்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருப்பதே அப்போதுதான் காதில் விழுந்தது. ஆபரேட்டர், யாரோ செத்துவிட்ட மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பெட்டி எழுந்தது. புது மென்பொருள் உட்கார்ந்தது. அளவுகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இந்தத் தடவை பாஸ்வேர்டை மருமகன் வைத்தான், ஆபரேட்டருக்கும் சொல்லிக் கொடுத்தான். சேவ் பட்டனை மாமனார் இரண்டு தடவை அமுக்கினார். பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கனைத்துக்கொண்டு கிளம்பின.

மாமனார் மேசைக்கு வந்து டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புகார் வரும், நானே பதில் சொல்கிறேன் என்றார். ஊரின் கோபத்தைத் தாங்கத் தோள்களை அகலமாக்கிக்கொண்டார். டெலிபோன் அடிக்கவில்லை. தொட்டி நிறைந்திருந்த ஊரில் ஒரு குழாய்கூட இருமவில்லை. அவர் ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார். தோள்கள் மெல்லக் குறுகின.

“யாருக்குமே தெரியல போலிருக்கே,” என்றார். பம்பை அணைத்தபோதுகூட அவர் குரல் இப்படி இருக்கவில்லை.

மருமகன் வராந்தாவுக்குப் போய் மாமனார் வீட்டுக்கு போன் போட்டான். மாமியார் எடுத்தாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான்.

“இங்கே குழாயைத் திறந்தா மூஞ்சியில அடிக்குது மாப்பிள்ளை. என்னத்தச் சொல்லிச் சண்டை போட?”

“சும்மா சத்தம் போடுங்க அத்தை. காரணம் வேணுமா உங்களுக்கு?”

அவன் உள்ளே திரும்புவதற்குள் மேசை டெலிபோன் அடித்தது. மாமனார் ஒரு மணியை விட்டு இரண்டாவதில் எடுத்தார். எதிர்ப்பக்கச் சத்தம் வாசல் வரை கேட்டது.

“பொறுமையா இருங்கம்மா. அவசரப் பாதுகாப்பு வேலை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஆமா, தலைமைப் பொறியாளரேதான் பேசறேன். தண்ணி இப்போ வரும்.”

ரிசீவரை வைத்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

“யாரோ ஒரு அம்மா. ரொம்பக் கோவமா இருந்தாங்க,” என்றார்.

முப்பது வருஷம் கூடவே கேட்ட குரல். தெரியவில்லையா, தெரிந்துதான் பேசினாரா என்று மருமகன் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.