கிழிந்த கையுறைக்குள் வந்த சூடு

டெலியா கலிசாயா வகுப்பில் செய்த முதல் சூட்டுப் பொட்டலம் ஒழுங்காகவே சூடேறியது. இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், ஒரு பிடி மரத்தூள், கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றையும் கலந்து துணிப்பையில் கட்டிக் குலுக்கியதும், அப்போதுதான் சுட்டெடுத்த உருளைக்கிழங்கைக் கையில் பிடித்தது போலிருந்தது. பெரு நாட்டின் உயரமான மலையூர் ஹூலியாக்காவின் ஜூன் மாதக் குளிரில் வகுப்பே அவள் மேசையை மொய்த்துக்கொண்டது.

"இரும்பு துருப்பிடிக்கிறப்போ சூடு வரும். வேலிக்கம்பி மெதுவா பிடிக்கும், நமக்குத் தெரியாது. தூள் சட்டுனு பிடிச்சுடும்" என்றார் எடித் டீச்சர். "அடுத்த வகுப்புக்கு இதையே இன்னும் நல்லா செஞ்சுட்டு வாங்க."

இன்னும் நல்லா என்றதும் டெலியாவுக்கு நினைவு வந்தது அம்மாவின் கைதான். அம்மா ஃபோர்துனாதா விடிவதற்கு முன்பே மூன்று சக்கர வண்டியோடு சவாரிக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது விரல்கள் வெடித்துச் சிவந்து, சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்க வராது.

டெலியா இரும்புத்தூளை இரண்டு மடங்காக்கினாள். உப்பையும் கூட்டினாள், தண்ணீரையும் கூட்டினாள். துணி ஒழுகியது. உடனே கூட்டாளி வில்பர் தீகோனா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து, மெழுகுவர்த்திச் சுடரில் அதன் வாயை உருக்கி ஒட்டினான்.

"இப்போ தண்ணியும் ஒழுகாது, சூடும் வெளிய போகாது" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

மறுநாள் சவாரி முடிந்து வந்த அம்மா அந்தப் பொட்டலத்தை மேசைமேல் பொத்தென்று போட்டாள். "என்னடி இது, செத்த தவளைய மடியில கட்டிக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

வகுப்பில் டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார். "எதையெல்லாம் மாத்தின?"

"எல்லாத்தையும்தான் டீச்சர்."

"அப்போ எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணா மாத்திப் பாரு."

டெலியா உப்பைக் குறைத்தாள், சூடு வரவில்லை. தண்ணீரைக் குறைத்தாள், அப்போதும் இல்லை. இரும்பைக் குறைத்தும் அது கல்லாட்டம் கிடந்தது. பிளாஸ்டிக் பையை மட்டும் அவள் சந்தேகிக்கவே இல்லை. வீட்டில் கஞ்சிப்பானையைக் கம்பளியால் இறுக்கிச் சுற்றித்தானே சூடாக வைக்கிறார்கள்?

அலுத்துப்போய்ப் பழைய கணக்குப்படியே, ஒரே கலவையிலிருந்து கையுறைக்கு ஒன்றாக இரண்டு துணிப் பொட்டலங்கள் கட்டினாள். அம்மாவின் இடது கையுறைக்குள் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் காகிதம் வைத்துத் தைத்தாள். வலதுக்குக் காகிதம் போதவில்லை. அந்தக் கையுறை விரலுக்கு விரல் கிழிந்து கிடந்தது, அப்படியே விட்டாள்.

மதியம் அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நீ பாத்துப் பாத்துத் தச்ச கை மரத்துப் போச்சு. கிழிஞ்ச கை வெந்து போச்சு. என்கிட்ட விளையாடுறியாடி?"

"ரெண்டும் ஒரே கலவைம்மா."

"அதைப் போய் என் கைகிட்ட சொல்லு."

டெலியா இடது பொட்டலத்தை உருவி மேசைமேல் வைத்தாள். ஆறிப்போன பொட்டலம். கலவையில் எங்கே பிசகினோம் என்று யோசித்தபடி தட்டுகளைக் கழுவினாள். திரும்பி வந்து அதைக் குப்பையில் போட எடுத்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அது கொதித்தது. யாரும் அதைத் தொடவில்லை, அடுப்போ மூலையில் அணைந்து கிடந்தது.

பயத்தோடு அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சிட்டாள். மெல்ல ஆறிப்போனது. அவிழ்த்தாள். மறுபடி சூடேறியது. அன்று சாயங்காலம் முழுக்கக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது; ஒவ்வொரு முறையும் தலை இன்னும் குழம்பியது.

மறுநாள் வகுப்பில் இதைக் கேட்ட வில்பர் முகத்தைச் சுளித்தான். "அப்போ அது மூச்சு விடுதா?"

"துருப்பிடிக்கக் காத்து வேணும்டா" என்றார் டீச்சர். "நீங்க அதோட கழுத்தை நெரிச்சு வச்சிருந்தீங்க. நம்ம ஊருல காத்தே கம்மி, அதையும் அடைச்சா?"

இருவரும் பிளாஸ்டிக்கில் ஊசியால் துளையிட ஆரம்பித்தார்கள். சில துளைகள் போட்டால் வெதுவெதுப்பு. நிறையப் போட்டால் கை பொறுக்காத சூடு, அதுவும் சீக்கிரமே தீர்ந்துபோனது. பல பைகள் வீணான பிறகு, காலைச் சவாரி முடியும்வரை இதமாகத் தாங்கும் ஒன்று கிடைத்தது. கையுறைக்குள் வைத்த பிளாஸ்டிக்கையும் டெலியா பிரித்து எடுத்தாள்.

அம்மா கையுறையைப் போட்டுப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"மூடினா ஆறிடும், திறந்தா சூடாகும். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"உனக்கு இது சரியாப் படுதா?"

"இல்லம்மா. ஆனா அப்படித்தான் நடக்குது."

அம்மா சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.