சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. பாதியாகச் சுண்டட்டும் என்று விட்டாள். தனக்குப் பால் வற்றிப்போனதிலிருந்து பால் பவுடர்தான். ஆறவைத்துக் கலக்கி, மடியில் கிடந்த மகளுக்குப் புகட்டினாள். குழந்தையின் உதட்டில் மை தடவியதுபோல் நீலம். நகக்கண்ணிலும் அதே நிறம்.

"குளிருதோ என்னமோ," என்றான் கணவன்.

"உடம்பு கதகதன்னுதாங்க இருக்கு. மூச்சுதான் இழுக்குது."

"தண்ணிய நல்லா கொதிக்க வெச்சியா?"

"அதுக்கு மேல எப்படி வெக்கிறது?"

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசியில் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எந்தத் தண்ணிம்மா குடுக்கறே?"

"முதலாளி குடுத்த வீட்டுக்குப் பின்னாடி கிணறு. அந்த வரிசைக்கே அதுதான். காய்ச்சித்தான் தர்றேன்."

"பக்கத்துல வயல் இருக்கா? யூரியா போடறாங்களா?"

"நாங்கதான் போடறோம். முதலாளி மூட்டை மூட்டையா கொட்டச் சொல்றாரு."

"பயிர் தின்னது போக மிச்சம் மண்ணுல உப்பா மாறி, கிணத்துக்கு எறங்கிடுது. கொதிச்சா கிருமிதான் சாகும், இந்த உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். பச்சைக் குழந்தை ரத்தத்துல அது காத்தையே சேரவிடாது."

கணவன் யூரியா அள்ளிய தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மருந்து ஏறிக் குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது.

வீடு திரும்பிய அன்றே, விஷயம் கேள்விப்பட்ட முதலாளியின் மேஸ்திரி இரண்டு தண்ணீர் கேன்களை வாசலில் இறக்கினான். "முதலாளி வீட்டுக்கு வாங்கற தண்ணி. உங்களுக்கு மட்டும் தினம் வரும். கிணத்தைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. எல்லாரும் கேட்டா அவரு எங்க போவாரு?"

கணவன் தலையாட்டினான். அவள் வாசலைத் தாண்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நிறைமாதக்காரி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா," என்று இவள் மேஸ்திரி காதுபடவே கூப்பிட்டாள். "பிள்ளை பொறந்தா அந்தத் தண்ணியில பால் கலக்காதீங்க. எம் பொண்ணு செத்துப் பொழச்சிருக்கா."

சாயங்காலம் அவர்களுடைய பாத்திரங்களெல்லாம் தெருவில் கிடந்தன. கதவில் புதுப் பூட்டு. துணிமூட்டைமேல் மகள் தூங்கினாள். மேஸ்திரி கேன்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். வண்டி முனை திரும்பும்வரை நிறைமாதக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள்.