க்ளெண்டாவின் நாக்கு

பிளென்கின் பீர் ஆலைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டதாம், அதற்கு நார்த் ஸ்டார் பப்பில் கொண்டாட்டம். லீட்ஸ் நகரத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி ஜனம் இங்கே வந்து இடித்துக்கொண்டு நின்றது. பப்பை நடத்துகிற க்ளெண்டாவுக்கோ, எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

கால்வலி ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் நாக்கு செத்துப்போயிருந்தது. கொரோனா வந்து போனதிலிருந்து வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. வெந்நீரும் தேநீரும் அவளுக்கு ஒன்றுதான். பீப்பாய் பீர் என்பது உயிருள்ள சமாச்சாரம், கொஞ்சம் அசந்தால் புளித்துக் காடியாகிவிடும். கடை திறக்குமுன் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். அவளும் தினமும் குடித்தாள், தலையாட்டினாள், கடையைத் திறந்தாள். அத்தனையும் வேஷம். பாவி, யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆலையை வாங்கி ஓட்டப்போகிற டோபி என்கிற இளைஞன் இந்த பப்பைத் தேடி வந்ததே அந்த நாக்குக்காகத்தான். பழைய பிளென்கின் ருசி அவளைப்போல் யாருக்கும் தெரியாது என்று எவனோ அவனிடம் ஊதிவிட்டிருந்தான். அவள் சரி என்றால்தான் பீர் ஊருக்குள் போகும் என்றும், பப்பை அவனே வாங்கி அவள் கையிலேயே விட்டுவைப்பான் என்றும் பேச்சு. அவன் வாங்காவிட்டால் இதை இடித்து வீடு கட்ட ஆள் தயாராக நின்றது.

டோபி முதல் கிளாஸை அவளிடம் நீட்டினான். கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. அவள் குடித்தாள். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அருமை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஆனால் நாளைக்கும், அதற்கு மறுநாளும், அடுத்த பீப்பாய்க்கும் இதே பொய்யைத் தூக்கிச் சுமக்க அவளிடம் சத்தியமாகத் தெம்பில்லை.

"எனக்கு ருசி தெரியலை, டோபி. நாலு வருஷமாச்சு. உன்னை ஏமாத்திட்டேன்."

டோபி முகம் வெளுத்துப்போனான். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

முன்வரிசையில் நின்ற நெவில் தொண்டையைச் செருமினான். பழைய ஆலையில் வண்டியோட்டியவன், அது மூடிய நாளிலிருந்து இங்கேதான் குடிக்கிறான்.

"எங்களுக்குத் தெரியும், கண்ணு."

"என்ன தெரியும்?"

"பாதி நாள் நீ ஊத்துறது காடிதான். கக்கூஸ்ல கொட்டிட்டு வந்து இன்னொண்ணு வாங்கிக்குவோம். ஜூடி ஒருத்திதான் வீம்புக்கு முழுசையும் குடிப்பா."

அவன் பக்கத்தில் நின்ற ஜூடி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். க்ளெண்டாவுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஏன்டா ஒருத்தனும் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ கடையைச் சாத்திட்டுப் போயிருப்ப. அப்புறம் நாங்க எங்க போறது?"

அப்படியானால் இந்த பீரை யார் சரிபார்ப்பது என்று டோபி மெல்லக் கேட்டான். நெவில் அவள் வைத்த கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தான்.

"அதே பிளென்கின்தான். அன்னிக்கும் இப்படித்தான் கேவலமா இருக்கும். நாங்க இத்தனை பேர் இருக்கோம், தினம் குடிச்சுப் பார்த்துச் சொல்றோம். கடை மட்டும் இவகிட்ட இருக்கட்டும்."

டோபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று தலையாட்டினான். க்ளெண்டாவால் சிரிக்க முடியவில்லை. காசு கொடுத்துக் காடியை வாங்கி, அவள் கண்ணெதிரே நல்லா இருக்கு என்று சொல்லிப்போன முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.