காற்றுக்கு ஒரு பேரம்

பொத்தான் கடைக்காரிக்கு உலகத்தில் எல்லாரிடமும் நம்பிக்கை உண்டு, நாத்தனாரைத் தவிர. நாத்தனாருக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறதென்று மைக்கில் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்புக் கேட்டால்கூட நாலு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் ஒருநாள் கடைக்கு வந்து கல்லாவின் மேல் சாய்ந்து குரலை இறக்கினாள் என்றால், யார் தலையிலோ எதையோ கட்டப்போகிறாள் என்று அர்த்தம்.

"அண்ணி, ஊக்கு இருக்கா?"

"பொத்தான் கடைல வந்து ஊக்கு இருக்கான்னு கேக்குறியே! எத்தனை பெட்டி?"

"பெட்டி ஒண்ணு போதும். குத்துறதுக்கு ஒரு ஆளும் வேணும்."

வேலை நேரம் போக, நாத்தனார் ஒரு சைக்கிள் சங்கத்தை நடத்தினாள். கிடங்குகள் வரிசையாக நிற்கும் தொழிற்பேட்டைச் சாலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைத்துக்கொண்டு பந்தயம் விடுவார்கள். ஓட்டுகிறவர்கள் முதுகில் எண் எழுதிய துணியை ஊக்கால் குத்திக்கொள்ள வேண்டும். தன் முதுகில் தானே குத்திக்கொள்ள எவருக்கும் கை எட்டாதே. குத்திக்கொண்டிருந்த ஆள் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார்.

"நான்தான் சைக்கிளை மாட்டி வச்சுட்டேனே."

"சைக்கிளை மாட்டினீங்க. கைய மாட்டலையே?"

சைக்கிள் நிஜமாகவே மாட்டித்தான் இருந்தது, கடையின் பின்னறைச் சுவரில். ஹேண்டிலில் ஜிப்புக் கட்டுகளும், நடுக்கம்பியில் லேஸ் சுருள்களும் தொங்கின. ஒருமுறை ஒரு தையல்காரர் வந்து, "இந்த ஸ்டாண்டு நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் சும்மா பொழுதுபோக்குக்கு ஓட்டியவள் இல்லை. மேடையேறிப் பதக்கம் வாங்கியவள். ஆனால் கடைசி வருடங்களில் வியாபாரப் புத்தி சைக்கிளிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று, சட்டையின் உள்பட்டியைக் கத்தரித்தாள், ஹெல்மெட் வாரின் மிச்சத்தைக் கத்தரித்தாள். அப்புறம் சமையலறைக்குத் தராசு வந்தது. "நாம குடித்தனம் பண்றோமா, எடை மேடைல நிக்கிறோமா?" என்று கணவர் கேட்டதற்குக்கூட அவள் சிரிக்கவில்லை. ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தவள், வீடு திரும்பும் வழியெல்லாம் எந்தத் திருகாணியை மாற்றலாம் என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். ஜெயித்த அன்றைக்கே இப்படி உம்மென்று வருவதானால் தோற்றால் எப்படி வருவோம் என்று தனக்கே அலுத்துப்போய்ச் சைக்கிளைச் சுவரில் ஏற்றினாள். இரண்டு வருடமாயிற்று.

ஊக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அந்த ஞாயிறு போனாள். "அன்பான வீரர்களே, உங்க முதுகுல குத்துறதுக்கு எங்க அண்ணி வந்துட்டாங்க!" என்று நாத்தனார் மைக்கில் முழங்க, மேசை முன்னால் வரிசை நின்றுவிட்டது.

அவளுக்கு அந்த முதுகுகளைத் தெரியும். முந்திப் போக வேண்டிய முதுகுகளாகத்தான் தெரியும். இப்போது ஒவ்வொன்றும் அசையாமல் நின்று பேசியது. முகம் பார்க்க வேண்டாம் என்றால் மனிதர்களுக்கு எவ்வளவு வாய் வந்துவிடுகிறது! ஒருவன் மாமியார் தன்னைப் பார்க்க வந்திருப்பதாகவும், இன்றைக்கு விழுந்துவைத்தால் மானம் போய்விடும் என்றும் சொன்னான். பூட்டுக் கடைக்காரர் ஓட்டவே வரவில்லை. வளைவில் விழுந்ததிலிருந்து பயமாம், அதனால் அதே வளைவில் கொடியும் விசிலுமாக நிற்கிறார். "விழுந்த இடத்துல ஒரு பாத்தியதை இருக்குல்ல?" என்றார்.

அடுத்த ஞாயிறும் போனாள். துணி காற்றில் படபடக்காமல் இருக்க ஊக்கை எந்தச் சாய்வில் குத்துவது என்பது அவள் கைக்கு வந்தது. குத்தி முடித்ததும் தேநீர் ஊற்றினாள். அப்புறம் முடிவுக் கோட்டருகே நின்று, கடைசியாக வருகிறவர்களுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினாள். முதலில் வருகிறவர்களைப் பார்க்க அவ்வளவு ஆசை வரவில்லை. அவர்கள் முகத்தில் கணக்குத்தான் ஓடியது. கடைசியில் வருகிறவர்கள்தான் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

பந்தயப் பருவத்தின் கடைசி ஞாயிறு. பெண்கள் பந்தயம் மட்டும் பாக்கி. நாத்தனார் மைக்கை அணைத்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"அண்ணி..."

"மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"நீ குரலை இறக்கினாலே என் தலைல எதையோ கட்டப்போறன்னு தெரியும்."

"பேக்கரிக்காரம்மா குழந்தைக்குக் காய்ச்சலாம், வரல. இப்ப நாலு பேர்தான் இருக்காங்க. அஞ்சு பேர் ஓட்டி முடிக்கலன்னா அடுத்த வருஷம் பெண்களுக்குத் தனிப் பந்தயம் கிடையாதுன்னு நகராட்சி சொல்லிடுச்சு."

"நீயே ஓட்டேன்."

"மைக் பிடிக்கிறவங்க ஓட்டக் கூடாதுன்னு விதி இருக்கு."

"எவ போட்ட விதி?"

"நான் போட்டதுதான்."

"சரி, கெளம்பிட்டு மொத வளைவுலயே இறங்கிடுறேன். ஆளுக்கு ஆளும் ஆச்சு."

"முடிக்கணும் அண்ணி. அஞ்சு பேரும் கோட்டைத் தாண்டணும்."

பேரத்தில் இறங்க இடமே இல்லை. அவள் சுற்றிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் குத்திவிட்ட அத்தனை முதுகுகளும் திரும்பி, முகங்களாகி, அவளையே பார்த்தன. இவர்கள் முன்னால், பதக்கம் வாங்கிய தான், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் வர வேண்டும். பாதியில் இறங்கினால் அதைவிடக் கேவலம், பந்தயமும் போய்விடும். கோட்டருகே காத்திருந்த நாலு பேரில் ஒருத்தி கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்துக் காட்டினாள்.

"உன் சைக்கிளைக் குடு," என்றாள் பொத்தான் கடைக்காரி.

அவளுக்கு எண் குத்த அடிதடி நடந்தது. கடைசியில் இன்சூரன்ஸ் அக்கா எல்லாரையும் முழங்கையால் விலக்கிவிட்டு வந்தார். ஓட்டக் காத்திருந்த நாலு பேரில் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், எல்லாப் பந்தயத்திலும் கடைசி, எல்லாப் பந்தயத்திலும் ஆஜர். "அசையாதம்மா. ஹெல்மெட் வாரை இழுத்துப் போடு. உனக்கு ஏதாச்சும் ஆனா பாலிசி எடுக்காத பாவம் என் தலைல விழும்," என்றபடி ஊக்கைக் குத்தினார். கோணலாகத்தான் குத்தினார். இவள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

விசில் அடித்தது. மற்ற மூவரும் முதல் சுற்றிலேயே கண்ணுக்கு மறைந்தார்கள். இவள் நெஞ்சு உலைத்துருத்திபோல் அடித்துக்கொண்டது. கிடங்குகள் முடிந்து சாலை திரும்பும் இடத்தில் எதிர்க்காற்று கதவைச் சாத்துவதுபோல் வந்து மோதியது. பக்கத்தில் இன்சூரன்ஸ் அக்கா மட்டும்.

"பொத்தான், முன்னால போம்மா. காத்தை மறை."

"நீங்க போங்கக்கா. பெரியவங்க, மரியாதை இருக்குல்ல?"

"மரியாதைய நீயே வச்சுக்கோ, எனக்கு மறைவு போதும்."

"விளக்குக் கம்பம் கணக்கு. ஒரு கம்பம் நீங்க, ஒரு கம்பம் நான்."

"ரெண்டு நீ, ஒண்ணு நான். நான் வயசானவ."

"இப்ப மட்டும் வயசாயிடுச்சா? மூணுக்கு ரெண்டு. அதுக்கு மேல கட்டுப்படி ஆகாது."

"ஆகட்டும். ஆனா அந்தச் சாஞ்ச கம்பத்தை நான் கணக்குல சேக்க மாட்டேன்."

சேர்க்கவும் இல்லை. அவர் முன்னால் போகும்போது கம்பங்கள் கிட்டக்கிட்ட இருந்தன, இவள் போகும்போது தள்ளித்தள்ளி இருந்தன. அப்படியும் ஒருவர் மறைவில் ஒருவர் மூச்சைத் திருப்பிக்கொண்டு சுற்றுகளைக் கழித்தார்கள். முன்னே போன மூவரும் ஒருமுறை இவர்களைக் கடந்து போனபோது, "மேடை இரண்டு, விரைவு வண்டி கடக்கிறது, பயணிகள் ஓரம் நிற்கவும்!" என்று மைக் அலறியது.

ஒரு சுற்றில் இவளுக்குத் தொடை விறைத்துக்கொண்டது. அடுத்த வளைவில் இறங்கிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாள். இறங்கினால் நாலுதான். தெரிந்தும் கால் நின்றுவிட்டது. சைக்கிள் தானே உருண்டு வளைவுக்கு வந்தது. பூட்டுக் கடைக்காரர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். கொடியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு துள்ளினார்.

"இங்க இறங்கப் பாக்குறீங்களா? இங்க எடம் இல்லம்மா, இந்த வளைவு எனக்கே பத்தல! நேரா போங்க, நேரா!"

இருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் சிரிப்பில் போயிற்று. சிரித்த வேகத்தில் கால் ஒருமுறை மிதித்தது, அப்புறம் இன்னொருமுறை. சைக்கிள் மேல் உட்கார்ந்து கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை.

"என்னம்மா சிரிப்பு? எனக்கும் சொல்லேன்," என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"உங்க கம்பம் வந்துடுச்சு, முன்னால வாங்க!"

கடைசிச் சுற்று. மற்ற மூவரும் ஓட்டி முடித்து, கோட்டருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இனி இறங்க மாட்டோம் என்று இவளுக்கே தெரிந்துவிட்டது. அதனால் தாராளம் வந்தது.

"அக்கா, ரெண்டு பேரும் சேந்தே கோட்டைத் தாண்டிடலாம். நம்மள்ல கடைசின்னு யாரும் வேண்டாம்."

"சத்தியமா?"

"வியாபாரி வாக்கு."

"எனக்கு அது போதும்மா," என்றார் இன்சூரன்ஸ் அக்கா, அத்தனை கனிவாக. அந்தக் கனிவில்தான் இவளுக்குச் சந்தேகம் தட்டியது.

கடைசி வளைவைத் தாண்டியதும் சத்தமில்லாமல் கியரை மாற்றினாள். இவள் கியர் 'டக்' என்றது. பக்கத்திலும் 'டக்' என்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், இருக்கையை விட்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறிபிடித்தவர்கள்போல் மிதித்தார்கள். கோட்டருகே ஜனம் ஆடியது. நாத்தனார் மைக்கை வாய்க்குக் கொண்டுபோக மறந்தாள். அப்படியும் அவள் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

தாண்டினார்கள். நாலாவது, ஐந்தாவது. எது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாலையோரப் புல்லில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். நாத்தனார் ஓடிவந்து அண்ணியின் வியர்த்த முகத்தில் முத்தமிட்டாள். "அஞ்சு பேர் ஆச்சு அண்ணி! அடுத்த வருஷமும் பந்தயம் உண்டு!"

"அதை விடு. நாலாவது நான்தானே?"

"உன் வாக்கு என்னாச்சும்மா?" என்றார் இன்சூரன்ஸ் அக்கா, வானத்தைப் பார்த்தபடியே.

"நீங்க கியரை மாத்தலையா?"

"நீ மாத்துன சத்தத்தைக் கேட்டுத்தான் மாத்துனேன்."

"ஏன்க்கா, ரெண்டும் ஒண்ணாதானே கேட்டுச்சு!"

"அப்போ இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை."

"பருவம் முடிஞ்சிடுச்சே. பந்தயம் ஏது?"

"பந்தயம் எதுக்கும்மா? ரோடு இருக்கு, காத்து இருக்கு."

பொத்தான் கடைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். கை தலைமுடியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது, வாய் பேரத்துக்குத் தயாராகிவிட்டது.

"வர்றேன். ஆனா சாஞ்ச கம்பமும் கணக்குல சேத்தி."

"அதெல்லாம் அன்னைக்குப் பேசிக்கலாம்," என்றார் இன்சூரன்ஸ் அக்கா.

"இல்லக்கா. இப்பவே பேசிடலாம்."