நீலப் பென்சில்

போர் நடந்த அந்தக் கோடையில் நீலப் பென்சிலை எத்தனை முறை சீவினேன் என்று இவர் ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருப்பாரா?

மேசையில் கிடந்த தாளைத் தொடாமல், எதிரே இருந்த டைரக்டர் ரூடோர்ஃபின் விரல்களையே லீஸ்பெத் பார்த்தாள். ஜெர்மன் ரயில்வேயில் அவரிடம் அவள் பதினொரு வருடம் தட்டச்சராக இருந்தவள். அங்கே பென்சிலின் நிறத்தை வைத்துத்தான் ஆளை அறிவார்கள். கோப்பின் ஓரத்தில் பழுப்புக் குறி என்றால் உதவி அதிகாரி. நீலம் என்றால் துறைத் தலைவர். சிவப்பு, அமைச்சகத்துச் செயலாளருக்கு. அடுத்தவர் நிறத்தை யாரும் கையால் தொடமாட்டார்கள். பழுப்பிலிருந்து நீலத்துக்கு உயர்ந்த அன்று அவர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். போர் முடிந்து ஐந்து வருடமாகிவிட்ட இப்போது, புதிய தலைநகரான பான் நகரில் சிவப்பு அவருக்காகக் காத்திருந்தது. குறுக்கே நின்றது ஒரே ஒரு கேள்வி: யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போன சிறப்பு ரயில்களின் அட்டவணை அவர் பார்வைக்கு வந்ததா?

"வரலைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும், ஃப்ராய்லைன் மெர்ட்டன்ஸ். உங்களைவிட என் மேசையைத் தெரிஞ்சவங்க யாரு?" சிரித்தார். "நீங்க சீவுற பென்சிலால ஆளையே குத்திக் கொல்லலாம்னு சொல்வேனே, ஞாபகமிருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. கொண்டுவந்த காப்பிக்கொட்டைப் பொட்டலத்தை அவர் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பான்ல உங்களுக்கும் வேலை இருக்கு. ரெண்டு அறை வீடு. ஈரமில்லாத சுவர். தங்கச்சி நெஞ்சுக்கு நல்லது."

அறையைப் பிரித்த போர்வைக்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது. பிறகு கேத்தெயின் குரல்: "போட்டுத் தொலையேன்க்கா. ரெண்டு வரிதானே! பெரிய இவ மாதிரி யோசிக்கிறா."

அந்த அட்டவணையில், போகும்போது ஆயிரம் பேர். திரும்பும்போது எதிரே ஒரே சொல்: காலி. பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. அவர் ஒரு வரி விடாமல் படிப்பார். ஓரத்தில் சின்னதாக, அழகாக நீலக் குறி போடுவார். ஒருநாள் மட்டும் நிமிர்ந்து கேட்டார்: "காலி வண்டிதானே, அங்கே ஏன் நாலு மணி நேரம் நிக்குது? சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுங்க." எழுதினாள். ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்து, அவர் குறி போட்டதும் தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். அன்று மதியம் பசித்தது, சாப்பிட்டாள்.

அவர் மூடியைத் திருகி எடுத்து, பேனாவை அவளிடம் நீட்டினார்.

லீஸ்பெத் வாங்கிக்கொண்டாள். மைமுனையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியை அவர் விரல்களிலிருந்து எடுத்து, பேனாவில் பொருத்தி, இறுகத் திருகினாள். பொட்டலத்தின் மேல் அதை வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"பென்சில் சீவினது நான்தானே, சார்."

போர்வைக்குப் பின்னால் இருமல் நின்றுபோயிருந்தது. சுவரில் ஈரம் இறங்கிய இடத்தில் காகிதம் உரிந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது.