சுறா டாக்டர்

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது எனக்குப் பேச்சு வராது. விடிவதற்கு முன்னால் மீன் சந்தைக்குப் போய், ஐஸ் உருகி ஓடும் தரையில் எட்டு மணி நேரம் நின்று சுறா வெட்டுகிறவனுக்கு இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கழன்று கிடக்கும். வாய் மட்டும் ஒழுங்காக வேலை செய்யுமா? யார் எது கேட்டாலும் 'ம்' என்பேன். என் மனைவி இதைத் தெரிந்துகொண்டு, நான் மாட்டேன் என்று சொல்லக்கூடிய விஷயங்களை அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பாள். அவளுடைய அண்ணன் எங்கள் வீட்டில் ஒரு மாதம் வந்து உட்கார்ந்துகொண்டது அப்படி ஒரு 'ம்'மினால்தான்.

மச்சான் விவகாரம் கூடப் பரவாயில்லை. மகளிடம் சொன்ன 'ம்'தான் என் மானத்தை வாங்கியது.

அவளுக்கு ஏழு வயது. முன்பற்கள் நான்கும் அடுத்தடுத்து விழுந்துவிட்டதால் வீட்டில் பொக்கை என்று கூப்பிடுகிறோம். நாங்கள் கூப்பிட்டால் சிரிப்பாள். பள்ளியில் கேலி செய்தபோது மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நின்றாள். கவனம் மாறட்டும் என்று என் மனைவி அவளை நூலகத்தில் சனிக்கிழமை நடக்கும் குழந்தைகள் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அந்த மாதம் முழுக்க அங்கே சுறாதான் பாடம். நூலகர் அம்மா ஒரு படப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் காகிதத் தட்டை வெட்டி, பசை தடவி, சுறா செய்வார்கள். சுறாவுக்கு ஆயுசு முழுக்கப் பல் விழும், விழ விழ முளைக்கும் என்று முதல் வாரமே வாசித்தார்களாம். அன்றோடு பொக்கையின் அழுகை நின்றது. ஃப்ரிட்ஜ் கதவில் சுறா, தலையணை அடியில் சுறா, ஒருநாள் என் செருப்புக்குள் ஒன்று கிடந்தது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதுவே.

ஒரு மத்தியானம் நான் படுத்திருந்தேன். பொக்கை தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு சுறா பாத்தியா?"

"ம்."

"பெருசா?"

"ம்."

"அதை என்ன பண்ணே?"

"திறந்து பாத்தேன்."

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா? அப்போ நீ சுறா டாக்டரா?"

"ம்."

தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று சாதிக்கலாம். ஆனால் அந்தக் கடைசி 'ம்' சொன்னபோது எனக்கு நன்றாகவே முழிப்பு வந்திருந்தது. அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

அவள் நூலகத்தில் போய்த் தம்பட்டம் அடித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை நான் வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று நூலகர் அம்மா சொல்லி அனுப்பினார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "உடம்பு சரியில்லேன்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

"போறேன்" என்றேன். டாக்டர் என்ற சொல்லை எடுக்காமல், தெரிந்ததைச் சொல்லிவிட்டு நைசாக வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை வேலையிலிருந்து வந்து இரண்டு முறை குளித்தேன். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். சுறா வாடை லேசில் போகாது, விரல் இடுக்கில் இருந்தது. நூலகத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் முட்டி கெஞ்சியது. பன்னிரண்டு பிள்ளைகள் தலையில் அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க டாக்டர்" என்று நூலகர் அம்மா ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தால் முட்டி தாடையை இடித்தது. பொக்கை பக்கத்தில் நின்று என் முட்டியில் கை வைத்துக்கொண்டாள்.

பேச ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு என்றேன். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் கையைக் கிழித்துவிடும் என்றேன். "எல்லாரும் செவுள் மூணு கோடு போட்டிருக்கீங்க. அஞ்சு போடுங்க" என்றதும் பன்னிரண்டு பென்சில் ஓடியது. நூலகர் அம்மாவும் தன்னுடையதில் இரண்டு கோடு சேர்த்தார். களைப்பு கூட மறந்துவிட்டது.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"உள்ள பாத்து முடிச்சதும் திரும்பத் தைச்சுடுவீங்களா?"

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறாள். தைத்து, தடவிக்கொடுத்து, கடலில் விட்டுவிடுவேன் என்று நம்பிக் காத்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"தைக்கிறதில்லம்மா" என்றேன். "என்கிட்ட வரும்போதே அது செத்துதான் வரும். நான் டாக்டர் இல்ல. சந்தையில சுறா வெட்டுறவன்."

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். "டாக்டர்னு சொன்னாளே!" என்றது ஒரு குரல். "பொய்க்காரி" என்றாள் கண்ணாடிக்காரி, ரகசியம் போல, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நூலகர் அம்மா கையைத் தட்டி, "பசை காஞ்சுதான்னு பாருங்க" என்றார். என் முட்டியின் மேல் இருந்த கை காணாமல் போயிருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனிமேல் போய்ப் படுக்கலாம் என்றுதான் நினைத்தேன். பொக்கை என் கையைப் பிடிக்காமல் இரண்டடி தள்ளியே வந்தாள். சுறாவை நினைத்து வருத்தப்படுகிறாள் போல என்று, "நான் கொல்றதில்லடா. கடல்லேருந்து வர்றதை வெட்டிக் குடுக்கிறேன், அவ்வளவுதான்" என்றேன்.

"அதில்ல" என்றாள்.

"பின்னே?"

அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. "டாக்டரான்னு நான் கேட்டேன். நீதான் ஆமான்னே. அதை நீ அவங்ககிட்ட சொல்லவே இல்ல. இப்போ நான்தான் பொய்க்காரி."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. என் பொய்யை அவள் தலையில் கட்டிவிட்டு, நல்லவன் மாதிரி நான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்த வாரம் வந்து சொல்லிடறேன்" என்றேன். என் கால்கள் கட்டிலைத் தவிர வேறு எதையும் நினைக்கிற நிலையில் இல்லை.

"அடுத்த வாரம் திமிங்கலம். நான் வர மாட்டேன். இனிமே அங்க வரவே மாட்டேன்."

பள்ளியில் கேலி தாங்காமல் அழுத பிள்ளைக்கு இருந்த ஒரே இடம் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். மறுபடி இரண்டு மாடி. கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, ஏறினேன்.

அதற்குள் பெற்றோர்களும் வந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு" என்றேன். மூச்சு வாங்கியது. "என் பொண்ணு பொய் சொல்லல. சுறா டாக்டரான்னு அவ என்னைக் கேட்டா. ஆமான்னு நான்தான் சொன்னேன். பொய் என்னோடது."

கண்ணாடிக்காரி விடுவதாக இல்லை. "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

களைப்பு என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவளுடைய அம்மாவும் அப்பாவும் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் வெட்டுறவன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு" என்றேன். என் மனைவியிடம் கூட நான் இதைச் சொன்னதில்லை.

பொக்கை என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரியின் முன்னால் போய் நின்றாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள்.