பனி நாட்டுக் கூடாரம்

எனக்கு வெயில் ஆகாது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு "ஸ்ஸ், என்னா வெயிலு" என்று சலித்துக்கொள்கிறார்களே, அந்த ஆகாது இல்லை. லூப்பஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். வெயில் பட்டால் முகம் தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும், கடைசியில் சிறுநீரகத்தில் போய்க் கை வைக்கும். ஒரு தடவை வைத்தும் விட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்ததே பெரிசு என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக நான் பகலில் வாசல் தாண்டியதில்லை.

அதற்கு முன்னால் எஸ்டேட் நர்சரியில் வேலை செய்தவள் நான். செம்பனைக் கன்றுக்குப் பையில் மண் நிரப்புவது, தண்ணீர் விடுவது, எல்லாமே வெயிலில்தான். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய ரப்பர் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் தூண்டில் போடப் போய்விடுவேன். பொம்பளைக்கு எதுக்குத் தூண்டில் என்று கேட்டவர்களிடம், விரால் குழம்பு கொதிக்கும்போது கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லிவிடுவேன். வரத்தான் செய்தார்கள். நானும் ஊற்றத்தான் செய்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பகலில், அந்தக் குளத்தில், இன்னொரு தடவை தூண்டில் போட வேண்டும். இருட்டின பிறகு போகலாமே என்றார் என் கணவர் தர்மேந்திரன். இருட்டினால் எஸ்டேட் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், காட்டுப்பன்றி வேறு அலையும். அதெல்லாம் சாக்கு. ஊர் அடங்கின பிறகு மட்டும் வெளியே வருகிற பிழைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் மனுஷி, ஆந்தை இல்லை என்று சொன்னேன். அவர் எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்.

குடை உதவாது. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போர்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் வாங்குகிற கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். முற்றத்தில் அவரை அதற்குள் உட்காரவைத்து, நான் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி, வெளியே யார் போவது தெரிகிறதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுத் தாயம்மாக்கா துணி காயப்போடுவது தெரிகிறது என்றார். ஆள் தெரிகிற துணி வெயிலை எங்கே தடுக்கும்? காட்டில் தங்குகிற கூடாரம் கொஞ்சம் கனமாக இருந்தது. ஆனால் தரையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்துகொண்டு தூண்டிலை எங்கே விடுவது, என் தலையிலா?

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து போனைக் காட்டினார். ஏதோ ஒரு பனி நாடு. ஏரியே உறைந்து கிடக்கிறது. அதன் மேல் கூடாரம் போட்டு, பனியில் ஒரு துளை போட்டு, ஒரு தடிமனான வெள்ளைக்காரன் அந்தத் துளைக்குள் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தான். கூடாரத்துக்குத் தரை இல்லை. குளிர் நுழையக் கூடாதென்று பஞ்சு வைத்துத் தைத்த துணி. உள்ளே முழுக்கக் கறுப்பு.

"வெளிச்சம் வருதா பாரு," என்றார்.

"வரல."

"பம்ப் வீட்டுப் பலக மேல இத போட்டா?"

குளத்தில் பழைய பம்ப் வீட்டை ஒட்டித் தண்ணீருக்கு மேல் பலகை அடித்திருக்கும். ஒரு பலகையைக் கழற்றினால் கீழே தண்ணீர். அந்தத் தடியனுடைய பனித் துளையேதான். சந்தோஷத்தில் அவர் தோளில் ஓர் அடி அடித்தேன்.

எந்தக் கூடாரம் என்பதில் நாலைந்து நாள் சண்டை. இழுவை வண்டியோடு சேர்ந்து வருகிற ஒன்று இருந்தது, அது பனியில் இழுக்க, நமக்கு எதற்கு? நாலு பேர் உட்காருகிறதை வாங்கினால் காற்றோட்டமாக இருக்கும் என்றார் அவர். பம்ப் வீட்டுப் பலகை அவ்வளவு அகலம் இல்லை, பாதிக் கூடாரம் தண்ணீரில் தொங்கும் என்றேன் நான். பஞ்சு வைக்காதது எடை குறைவு, ஆனால் தையல் ஓரங்களில் வெளிச்சம் கசிவதாக வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் உட்காருகிற, பஞ்சு வைத்த, நடுவில் பிடித்து இழுத்தால் படக்கென்று விரிகிற கூடாரத்தை முடிவு செய்தோம். நல்ல சிவப்பு நிறம். பனியில் தூரத்திலிருந்து தெரிவதற்காக இருக்கும்.

வந்து சேர்ந்ததும் அவர் கார் ஷெட்டில் விரித்து உள்ளே போய் உட்கார்ந்தார். வியர்வையில் குளித்தவர் மாதிரி வெளியே வந்தார். குளிருக்குச் செய்த பொருள் குளிருக்குத்தானே ஆகும். பனியில் திருகுகிற ஆணிகளும் நம் செம்மண்ணில் வளைந்துகொண்டன.

அதற்காக விட்டுவிடுவதா? நர்சரியில் கன்றுகளுக்கு மேல் கட்டுகிற கறுப்பு வலையை எனக்குத் தெரியும். அதை இரண்டாக மடித்தால் காற்று வரும், வெயில் வராது. கீழே இரண்டு இடத்தில் வெட்டி வலை வைக்க வேண்டும், மேலே ஒரு வாய் திறந்து சூடு வெளியேற விசிறி வைக்க வேண்டும், சிவப்புக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். இதையெல்லாம் தைப்பதற்குச் சாதாரணத் தையல் மெஷின் போதாது. பந்தலுக்குப் போடுகிற கெமாத் துணியைத் தைக்கிற மெஷின் வேண்டும். அது எங்கள் பக்கத்தில் அர்ச்சுனனிடம்தான் இருக்கிறது.

அர்ச்சுனன் கெமா போடுகிறவர். பகாவ் டவுனிலிருந்து இந்த எஸ்டேட் வரைக்கும் எந்த வீட்டு வாசலில் பந்தல் நின்றாலும் அது அவருடையது. நாற்காலி, மேசை, இரும்புக் கம்பி எல்லாவற்றையும் நீல லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். அந்த லாரி ஒரு வீட்டு முன்னால் நின்றால் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, கல்யாணத்துக்கு வழியே இல்லை. இதை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை.

ஒரு நாள் விடிவதற்குள் அர்ச்சுனன் கூடாரத்தைத் தைத்து எடுத்து வந்து எங்கள் முற்றத்தில் விரித்தார். அவருடைய இரும்பு ஆணிகளை அடித்து நிறுத்தினார். வெள்ளை உறை போட்டு, மேலே விசிறிக்கு வாய் திறந்து, மிகச் சுத்தமான வேலை. விசிறிதான் பொருந்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் நான் வீட்டு உடையிலேயே கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். வேறு விசிறி வாங்க இவரும் அர்ச்சுனனும் மோட்டார் சைக்கிளில் பகாவுக்குக் கிளம்பினார்கள்.

"போன வச்சுக்கோ," என்றார் இவர்.

"வீட்டுக்குள்ள இருக்கு. போய்ட்டு வாங்க, நான் என்ன ஓடியா போகப்போறேன்?"

லாரியை வாசலிலேயே விட்டுப் போனார்கள்.

உள்ளே இருட்டு. ஓர் ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை. சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். வியர்த்தது, ஆனால் வலை வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் சில செருப்புகள்.

"எப்ப போச்சாம்?" பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்காவின் குரல்.

"காலையிலதான் போல ஆன்ட்டி. லோரிய பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." இது எதிர்வீட்டு ரோகினி. "நம்ம தாமான் ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன்."

"தர்மேந்திரன எங்க?"

"சாமான் வாங்கப் போயிருப்பாரு லா. மோட்டோ காணோம்."

"கூடாரத்த தொறந்துடாதடி. குளிப்பாட்ட மறைப்பு கட்டியிருக்காங்க. பொம்பள ஒடம்பு."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெள்ளைத் துணி, நாலு பக்கமும் அடைப்பு, வாசலில் அர்ச்சுனன் லாரி, உள்ளே சீக்குக்காரி. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. "அக்கா, நான் சாகல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தாயம்மா அக்கா அழ ஆரம்பித்தது.

"இன்னிக்கா செத்துச்சு அது? ரெண்டு வருசமாச்சுடி. பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு நான் எட்டிக்கூடப் பாக்கல. போனா என்ன பேசறதுன்னு தெரியாம, நாளைக்கிப் பாத்துக்கலாம், நாளைக்கிப் பாத்துக்கலாம்னே..."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். உங்கள் சாவைப் பற்றி மற்றவர்கள் பேசுவது உங்கள் காதில் விழுந்தால் நீங்கள் மட்டும் குறுக்கே பேசிவிடுவீர்களா? வீட்டுக்குள் என் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லோபாக்கில் இருக்கிற நாத்தனார் வரைக்கும் சேதி போய்விட்டது போல.

"ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத," என்று தாயம்மா அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னது. "அந்தத் தர்மேந்திரன் பையனுக்கு இனிமேயாச்சும் கொஞ்சம் நிம்மதி. தூக்கம் இல்ல, ஒரு நல்லது கெட்டதுக்குப் போனது இல்ல. அவனும் மனுசந்தானே."

"ஆமா ஆன்ட்டி."

யாருமே அதை மறுக்கவில்லை. அந்த "ஆமா" என் நெஞ்சில் அடித்தது. கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. ஏனென்றால் நானும் அதைப் பல நாள் நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு, அவர் கொண்டுவந்து வைக்கிற கஞ்சியைக் குடித்திருக்கிறேன்.

மோட்டார் சத்தம் வந்து நின்றது. பெண்கள் ஓவென்று அழுதார்கள். அதன்பிறகு அவர் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் ஏதோ கீழே விழுகிற சத்தம், அதன் மேலேயே அவர் குரல். நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"நான்தான் உள்ள ஒக்கார வச்சேன். சூட்டுல ஒக்கார வச்சுட்டுப் போயிட்டேன். புனிதா... ஐயோ புனிதா..."

நான் ஜிப்பை இழுத்தேன். பதற்றத்தில் அது பாதியில் மாட்டிக்கொண்டது. கிடைத்த இடைவெளியில் கையை நீட்டினேன். வெயில் கொதித்தது. தரையில் கிடந்த அவர் தலை கைக்குத் தட்டுப்பட்டது, முடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."

ரோகினி அலறிக்கொண்டு ஓடினாள். தாயம்மா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இவர் என் கையை இரண்டு கையாலும் பொத்தி வெயில் படாமல் உள்ளே தள்ளினார். அந்த நிலையிலும் அவருக்கு அதுதான் தோன்றியது.

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் நீளும். அர்ச்சுனன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். கோலா பிலா வரை வந்துவிட்ட நாத்தனார் என் குரலைப் போனில் கேட்ட பிறகுதான் காரைத் திருப்பியது. இவர் மட்டும் கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"இது வேணாம். திருப்பிக் குடுத்துருவோம்," என்றார்.

"வெட்டித் தச்சத எவன் வாங்குவான்? விசிறிய மாட்டுங்க. இன்னிக்கே போறோம்."

"புனிதா, சொன்னா கேளு."

"செத்தவ கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க."

அவர் கையிலிருந்த ஆணியைக் கீழே போட்டார். உடம்பு முழுக்கப் போர்த்தி என்னைக் காரில் ஏற்றினார். அர்ச்சுனன் முன்னால் போய்ப் பம்ப் வீட்டுப் பலகை மேல் கூடாரத்தை நிறுத்திக் கட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு பலகை கழற்றியிருந்தது. உள்ளே நாங்கள் இரண்டு பேர், தலைக்கு மேல் சின்ன விசிறி, காலடியில் கறுப்பாகத் தண்ணீர். பாசி வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

புழுவைக் கோத்துத் தூண்டிலை விட்டேன். வெகுநேரம் நூல் அசையவில்லை. என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இருட்டில் அவர் முகம் தெரியாததால் கேட்க முடிந்தது.

"என்னங்க, மோட்டோவ நிறுத்திட்டு ஒன்னுமே பேசாம நின்னீங்களே. அப்ப கொஞ்சமாச்சும் நிம்மதியா இருந்துச்சா?"

இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் உடனே சொல்லவில்லை.

"ஒரு நிமிசம் வந்துச்சு," என்றார். "இனிமே தூங்கலாம்னு வந்துச்சு. என்ன இப்படி நெனச்சுட்டோம்னுதான் கால் மடிஞ்சு விழுந்தேன்."

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. ஆனால் "ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று இரண்டு வருடமாக நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பொய்யைவிட இது மேலாக இருந்தது. ராத்திரியில் நான் திரும்பிப் படுத்தாலே எழுந்து உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மனிதர் அவர். நான் தூங்குகிற மாதிரி நடிப்பேன்.

"படுங்க," என்றேன்.

"இங்கயா?"

"இங்கதான். நான் முழிச்சிருக்கேன். எனக்கு ஏதாச்சும்னா நானே எழுப்பறேன்."

கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு பலகையில் சாய்ந்து, என் போர்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார். சீக்கிரமே குறட்டை வந்தது. வெளியே நடுப்பகல். எஸ்டேட்டில் எங்கோ லாரி ஏறி இறங்குகிற சத்தம். நான் ஒரு கையில் தூண்டிலும், இன்னொரு கை அவர் மார்பிலுமாக உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

நூல் இழுத்தது. நல்ல கனம், விராலாகத்தான் இருக்க வேண்டும். சத்தம் வராமல் மெதுவாகத் தூக்கினேன். பலகையில் விழுந்து துடிக்கப் பார்த்தது. துடித்தால் அவர் எழுந்துவிடுவார் என்று அதை என் மடியில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.